ஆறு மணிக்குக் காவலாளிக்கு என்ன ஆயிற்று? – ‘ரிலீவ்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதுவது பற்றி

மலைச்சரிவு (ஏற்காடு) எழுதியது:

ஏற்காட்டில் உள்ள காப்பித் தோட்டம் ஒன்றின் பழைய ஆங்கில நாட்குறிப்பை, இப்போதைய உரிமையாளரின் குடும்பத்தார் படிப்பதற்காகத் தமிழில் எழுதிக் கொடுத்துவருகிறேன். மழை, கூலி, எருமூட்டை என்று பெரும்பாலும் எளிய செய்திகள்தாம். ஆனால் பழம் பறிக்கும் டிசம்பர் மாதப் பக்கம் ஒன்றில் ஒரே ஒரு வரி என்னை மூன்று நாட்களாக நிறுத்தி வைத்திருக்கிறது. காப்பிக்களத்தின் இரவுக் காவலாளி ‘வாஸ் ரிலீவ்டு அட் சிக்ஸ்’ என்று எழுதிவிட்டு, எழுதியவர் அடுத்த வரியில் உரத்தின் விலைக்குப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு அடுத்த ஆள் வந்து காவலை ஏற்றுக்கொண்டான் என்று எழுதலாம். ஆறு மணிக்கு அவனுடைய சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்றும் எழுதலாம். இரவு முழுவதும் காட்டெருமைக்கும் பழத் திருட்டுக்கும் பயந்து விழித்திருந்தவன், விடிந்ததும் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டான் என்றும் எழுத இடமிருக்கிறது. மூன்றும் ஒரே வினைச்சொல். மூன்றும் இலக்கணப்படி சரி. எதை எழுதுவது என்று சொல்லுங்கள். கூடவே, இந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் ஏன் ஒரு சொல் அமையவில்லை என்பதையும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

—

சூரமங்கலம் எழுதியது:

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதில் எனக்குக் குழப்பமே இல்லை. அது பணிமுறை மாற்றம். காவலுக்கு நிற்பவன், நிலைய அதிபர், இரவுச் செவிலியர் ஆகிய யாருக்கும், அடுத்தவர் வந்து பொறுப்பை ஏற்கும் வரையில் வேலை முடிவதில்லை. எங்கள் துறையில் ‘ரிலீவிங் ஸ்டேஷன் மாஸ்டர்’ என்று ஒரு பதவியே உண்டு. ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய நாற்காலியில் போய் உட்காருவதுதான் அவருடைய முழுநேர வேலை.

நான் சிறிய நிலையம் ஒன்றில் இருந்தபோது, ஒரு மழை இரவுக்குப் பின் காலை ஆறு மணிக்கு வர வேண்டிய ரிலீவர் எட்டேகால் மணிக்குத்தான் வந்தார். அந்த இரண்டேகால் மணி நேரமும் கண்ணில் மணல் விழுந்தது போன்ற எரிச்சலோடு, தொலைபேசியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, நிலைய நாட்குறிப்பில் ‘பொறுப்பை ஒப்படைத்தேன்’ என்று நான் கையெழுத்திட்டேன். ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அவர் கீழே கையெழுத்திட்டார். அப்போது நான் எழுந்து நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். வேலையும் மாறியது, நெஞ்சிலிருந்த பாரமும் இறங்கியது. ஆங்கிலேயன் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்ததில் பெரிய தவறில்லை என்றே தோன்றுகிறது.

ரிலீவர் என்பதற்கு ‘மாற்றாள்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பழைய தமிழில் அதற்குச் சக்களத்தி என்று பொருள்.

—

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

பெரியவர் ரயில்வேயை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அலுவலக வழக்கை வைத்துப் பார்த்தால் நிலைமை அவ்வளவு எளிதன்று. ‘அவர் ரிலீவ் ஆகிவிட்டார்’ என்று நாம் சொன்னால், மாறுதலிலோ ஓய்விலோ பதவி விலகியோ முறைப்படி ஆணை பெற்றுக்கொண்டு போனார் என்று பொருள். அதற்குப் ‘பணியிலிருந்து விடுவித்தல்’ என்று அரசாணைத் தமிழில் சொல் நிலைத்துவிட்டது. அதில் இழுக்கு எதுவும் இல்லை. மாறாக, ஆங்கிலேயர் ஒருவரைப் ‘பதவியிலிருந்து ரிலீவ் செய்தோம்’ என்று எழுதும்போது, பல சமயங்களில் அது பணிநீக்கத்தை நாகரிகமாகச் சொல்லும் முறை. படைத்தலைவர்களை நீக்கும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். 1951 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன், கொரியப் போரின் நடுவே தளபதி மெக்ஆர்தரை நீக்கிய செய்தியில் ‘ரிலீவ்’ என்ற சொல்தான் இருந்தது. அவர் நிம்மதியடைந்தார் என்று அதைத் தமிழாக்கினால் எப்படி இருக்கும்? ஆகவே காவலாளியின் சீட்டு கிழிந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதை ஒதுக்கிவிடக் கூடாது.

எங்கள் தொழிலில் இந்தச் சொல்லின் பெயர்வடிவம் நாள்தோறும் புழங்குகிறது. உரிமையியல் வழக்கில், ‘வாதி கோரும் பரிகாரம்’ என்ற பத்தி இல்லாமல் வாதுரை முடிவதில்லை. அந்தப் பரிகாரம்தான் ஆங்கிலத்தில் ரிலீஃப். 1877ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 1963இல் வந்த ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. சோதிடரிடம் போனாலும் பரிகாரம், நீதிமன்றத்துக்கு வந்தாலும் பரிகாரம் என்று கட்சிக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் எனக்கு வியப்பளிப்பது இதன் இன்னொரு பொருள். இங்கிலாந்தின் நிலமானிய முறையில், தந்தை இறந்தபின் மகன் அந்த நிலத்தை மீண்டும் எடுத்துக்கொள்வதற்காகத் தலைவனுக்குக் கட்ட வேண்டிய தொகைக்குப் பெயரும் ரிலீஃப்தான். விழுந்துபோன உரிமையை மறுபடியும் தூக்கி நிறுத்துவதற்கான கட்டணம் என்பது அதன் கருத்து. அரசன் மனம்போனபடி அதை வசூலித்ததால்தான், 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில் பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு என்று உச்சவரம்பு கட்டினார்கள். சுமையைக் குறைப்பதாகச் சொல்லும் சொல், வாரிசின் தலையில் ஏறிய சுமைக்கே பெயராகியிருக்கிறது.

—

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியை எழுதியது:

வழக்குரைஞர் ஐயா ‘மீண்டும் தூக்கி’ என்றது சரியான தடம். லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் எடை குறைந்தது. ‘லெவாரே’ என்றால் தூக்குதல். ‘ரெலெவாரே’ என்றால் மறுபடி தூக்குதல், இலேசாக்குதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நெம்புகோலுக்கான ‘லீவர்’, மேலே தூக்கும் ‘எலிவேட்டர்’, பொருத்தமானது என்று நாம் சொல்லும் ‘ரெலவண்ட்’ ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள். நம் அலுவலகங்களில் ‘லீவு’ம் ‘ரிலீவு’ம் அண்ணன் தம்பி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையில் ‘லீவு’ அனுமதி என்று பொருள்படும் ஜெர்மானிய வழிச் சொல், உறவே கிடையாது. ‘ரிலீஸ்’ கூட வேறு வேரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் ஏன் ஒரே சொல் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அகராதியைத் திறப்பதில்லை. வினையின் செயப்படுபொருள் எது என்று மட்டும் கேட்கச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் வலியையும் ரிலீவ் செய்யலாம், வலியுள்ளவனையும் ரிலீவ் செய்யலாம். சுமையும் செயப்படுபொருளாகும், சுமப்பவனும் செயப்படுபொருளாவான். போதாததற்கு, அவன் நின்ற இடமும் செயப்படுபொருளாகும்: காவல் முனையையும் முற்றுகையிடப்பட்ட நகரத்தையும் ரிலீவ் செய்வார்கள். 1900 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் லேடிஸ்மித் நகரத்தை ஆங்கிலப் படை ரிலீவ் செய்தது என்றால், அந்நகரத்தின் முற்றுகையை உடைத்து உள்ளே இருந்தவர்களை மீட்டது என்று பொருள்.

தமிழ் இப்படி விடாது. தமிழுக்கு முதலில் சுமை இன்னது என்று தெரிந்தாக வேண்டும். பிறகு அந்தச் சுமைக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். காய்ச்சலும் கோபமும் தணியும், தாகம் தீரும், பசி ஆறும், சலிப்பு போகும். பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே ஆங்கிலேயன் ‘ரிலீவ்’ என்பதன் ஒரு பொருள் முழுதாக அடங்கியிருக்கிறது. கனமான பொழுதைப் போக்கிவிடுகிறோம். துன்பத்தையோ களைகிறோம். நட்பின் இலக்கணம் சொல்லும்போது வள்ளுவர் எடுத்துக்கொண்ட வினை ‘இடுக்கண் களைவது’. வயலில் களை பிடுங்குவதற்கும் அதுதான் சொல். தணிப்பவன் மேலே தண்ணீர் தெளிக்கிறான். களைபவன் வேரோடு எடுக்கிறான். ‘ரிலீவ்’ என்று மட்டும் எழுதிய ஆங்கிலேயன், தெளித்தானா பிடுங்கினானா என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்கிறான்.

‘நிவாரணம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வடமொழியில் அதற்குத் தடுத்தல், விலக்குதல் என்று பொருள். நாமோ வெள்ளம் வந்து வீடு போன பிறகு கொடுக்கும் அரிசிக்கும் பணத்துக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். ‘வலி நிவாரணி’யில்தான் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது.

—

இரும்பாலைப் பழையவர் எழுதியது:

சுமை என்றதும் எல்லோரும் மனிதனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு இரும்பும் ரிலீவ் ஆகும். தடித்த தகடுகளைப் பற்றவைத்து முடித்தவுடன் பார்த்தால் பொருள் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் பற்றவைத்த இடம் ஆறிச் சுருங்கும்போது பக்கத்து உலோகம் அதை விடாமல் பிடித்துக்கொள்வதால், உள்ளே இழுவிசை தங்கிவிடும். வெளியிலிருந்து யாரும் தொடாமலே அது ஒரு நாள் வளையும், சில சமயம் விரியும். அதனால் பொருளை உலையில் வைத்து, சாதாரணக் கரிம எஃகு என்றால் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றி, தடிமனுக்கு ஏற்ற நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகு அவசரப்படாமல் உலைக்குள்ளேயே ஆறவிடுவோம். இதற்கு ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’ என்று பெயர். துருப்பிடிக்காத எஃகுக்குக் கணக்கு வேறு. அந்த வெப்பத்தில் அதை நெடுநேரம் வைத்தால் அதன் துருவெதிர்ப்பே கெட்டுவிடும்.

பாடநூல் தமிழில் இதற்குத் ‘தகைவு நீக்கம்’ என்று எழுதலாம். ஆனால் எங்களுடன் இருந்த மூத்த ஃபோர்மேன் ஒருவர், உலைக் கதவை அரை மணி முன்னதாகத் திறக்கப் போன பயிற்சிப் பையனிடம், ‘திறக்காதே, அது இன்னும் ஆறவில்லை’ என்றார். பையன் வெப்பமானியைப் பார்த்து, ‘ஆறிவிட்டது ஐயா’ என்றான். ‘தொட்டால் சுடாது என்பது வேறு, ஆறியது என்பது வேறு’ என்றார் அவர். ஆசிரியை அம்மா சொன்ன பசியாறுதல், புண் ஆறுதல், மனம் ஆறுதல் எல்லாம் அந்த ‘ஆறு’தான் என்று எனக்கு அன்றைக்கே பட்டது. என்னைக் கேட்டால் ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’குக்குத் தமிழ் ‘ஆற்றுதல்’.

—

தாரமங்கலம் எழுதியது:

கல்லிலும் ரிலீஃப் உண்டே? கைலாசநாதர் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுப் பயணி ஒருவர் தூண் சிற்பங்களைக் காட்டி ‘ஹை ரிலீஃப்’ என்றார். கல்லுக்கு என்ன நிம்மதி என்று நான் விழித்தேன்.

—

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியை எழுதியது:

அதுவும் அதே வேர்தான். இத்தாலிய மொழி வழியாக வந்தது. தளத்திலிருந்து உருவத்தைத் தூக்கிக் காட்டுவதால் அப்பெயர். நாம் புடைப்புச் சிற்பம் என்கிறோம். ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் நம் வாயில் வேறொன்று இருக்கிறது. கரும்பச்சைச் சேலையில் அரக்குக் கரை ‘எடுப்பாக’த் தெரிகிறது என்கிறோமே, அந்த எடுப்பும் எடுத்தல், அதாவது தூக்குதல்தான். இந்த ஓரிடத்தில் மட்டும் லத்தீனும் தமிழும் ஒரே கையால் வேலை செய்திருக்கின்றன.

—

மேட்டூர்க் கரையோரம் எழுதியது:

அணையைச் சொல்லாமல் விடலாமா? 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதற்கு மேல் வரும் வெள்ளத்தை 16 கண் மதகு வழியாகத் திறந்துவிடுவார்கள். பொறியாளர்கள் அழுத்தத்தை ரிலீவ் செய்வது என்பார்கள். நாங்கள் ‘உபரிநீர்ப் போக்கி’ என்கிறோம். ‘போக்கு’ என்ற வினை பொழுதுக்கும் தண்ணீருக்கும் பொது என்பதை இந்த இழையைப் படித்த பிறகுதான் கவனித்தேன்.

—

கொண்டை ஊசி எழுதியது:

இவ்வளவு பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மிகவும் சாதாரணமான பொருளை எல்லோரும் மரியாதை கருதி விட்டுவிட்டீர்கள். சேலத்திலிருந்து மலையேறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டுபவன் நான். சுற்றுலாவுக்கு வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், பாதி வழியில் தன்னைத்தானே ரிலீவ் செய்துகொள்ள வேண்டும் என்றார். களைத்துவிட்டார் போலும் என்று எண்ணி, காட்சி முனை வரும் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வளைவு கடந்ததும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் புரிந்தது.

நாம் ‘ஒதுங்க வேண்டும்’ என்கிறோம். செய்தித்தாளில் ‘இயற்கை உபாதை கழிக்க’ என்று எழுதுகிறார்கள். உபாதை என்றாலே துன்பம்தானே. அந்த அளவில் செய்தித்தாள்காரர் ஆங்கிலேயனின் கருத்தை நன்றாகவே பிடித்திருக்கிறார். பேருந்து நிலையத்தில் பணப்பையைப் பறிகொடுத்தவரைப் பற்றியும், அவரைப் பணப்பையிலிருந்து ரிலீவ் செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேலியாகச் சொல்வார்களாம். இங்கே ‘பையை லேசாக்கிவிட்டான்’ என்பார்கள். இழந்தவருக்குத்தான் இரண்டு மொழியிலும் சிரிப்பு வராது.

—

அடிவாரத்துக்காரி எழுதியது:

ஆசிரியை அம்மாவின் விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லத்தீன் தூக்குகிறது, தமிழ் இறக்குகிறது என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். ஆனால் தலையில் சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும், தூக்காமல் இறக்க முடியாது. என் பாட்டி வாரச் சந்தைக்குக் கூடை சுமந்தவர். பாரம் ஏறிய கூடையோடு ஒருவர் தனியாகக் குனிந்தால் கழுத்து முறியும். எதிரே வருபவர் தன் இரண்டு கைகளையும் கூடையின் அடியில் கொடுத்து, தலையிலிருந்து நான்கு விரற்கடை அளவு மேலே எடுக்க வேண்டும். அந்த நொடியில் சுமப்பவரின் கழுத்து நிமிரும், கண் மேலே செருகும், சும்மாட்டுத் துணி தலையில் ஒட்டிக்கொண்டே நிற்கும். அதன் பிறகுதான் கூடை தரைக்கு வரும். ‘கொஞ்சம் இறக்கி விடப்பா’ என்று கேட்டாலும், வந்தவன் முதலில் செய்வது தூக்குவதைத்தான்.

எதிரே யாரும் வராத வழியில் என்ன செய்வது? அதற்காகத்தான் சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். ஆள் குனியாமலே தலைச்சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பின் குனியாமலே மறுபடியும் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையைப் பெறாமலே, வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நடுவது வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊர் எல்லையில் இருந்த ஒன்றின் மேல் இப்போது விளம்பரத் தட்டி சாய்ந்து நிற்கிறது.

மலைக்கிராமங்களில் இன்னொன்றும் உண்டு. சாலை எட்டாத ஊர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவார்கள். மூங்கிலின் இரு முனையிலும் ஆட்கள் மாறிமாறித் தோள் கொடுப்பார்கள். சுமை ஒரு குன்றிமணி எடைகூடக் குறைவதில்லை. தோள் மட்டும் மாறுகிறது. சூரமங்கலத்துப் பெரியவருடைய ‘ரிலீவர்’ இவர்தான். ‘மாற்றாள்’ வேண்டாம் என்றீர்களே ஐயா. எங்கள் பக்கத்தில் ‘தோள் மாற்ற ஆள் வந்தாச்சா’ என்றுதான் கேட்பார்கள்.

—

சூரமங்கலம் எழுதியது:

‘தோள் மாற்றுதல்’. தாயே, என் பணிக்காலம் முழுவதும் இந்தச் சொல் எனக்குத் தெரியாமல் போயிற்று.

—

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

சொல் அழகானது, வழக்கு இன்னும் தீரவில்லை. காவலாளி நீக்கப்பட்டாரா இல்லையா என்பதற்குச் சாட்சியம் வேண்டும். தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகையையும் நாள்கூலியையும் குறிக்கும் பதிவேடு, இருந்திருக்குமே? அந்தத் தேதிக்குப் பிறகு அவர் பெயருக்கு நேரே நாள்கூலி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

—

மலைச்சரிவு (ஏற்காடு) எழுதியது:

வழக்குரைஞர் ஐயா சொன்னபடி பழைய பெட்டியைக் கிளறினேன். நாட்குறிப்பின் அந்த ஆண்டுக்குரிய செக்ரோல் கரையான் அரித்த நிலையில் கிடைத்தது. டிசம்பர் மாதத்தில் களக்காவலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நம் காவலாளியின் பெயருக்கு நேரே மாதம் முடியும் வரை ஒரு நாளும் விடாமல் கோடு விழுந்திருக்கிறது. ஜனவரிப் பக்கத்திலும் அவர் இருக்கிறார். ஆகவே சீட்டுக் கிழியவில்லை. ‘காலை ஆறு மணிக்குக் களக்காவலாளிக்குத் தோள் மாற்ற ஆள் வந்தது’ என்று எழுதியிருக்கிறேன். கண்டிப்பான மொழிபெயர்ப்பாளர்கள் குறை சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன், விளக்கம் கேட்காமலே தலையசைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஏப்ரல் பக்கத்தில் அதே சொல் மறுபடியும் வந்துவிட்டது. அறுவடை முடிந்து, மொட்டுவிட்ட செடிகள் பூ மழைக்காகக் காத்திருக்கும் நேரம். மார்ச் முழுவதும் ‘வானம் வெறிச்’ என்ற பொருளில் ஒரே சொல்லை எழுதிவந்தவர், ஒரு நாள் மாலை, ஓர் அங்குலம் மழை பெய்து எங்களை ‘ரிலீவ்’ செய்தது என்று எழுதியிருக்கிறார். மழை பெய்து எட்டு, பத்து நாளில் காப்பி பூத்துவிடும். பெய்யாவிட்டால் அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. இங்கே விடுவிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, தணிக்கவும் இல்லை. நேற்று இரவு நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘மாலை ஓர் அங்குலம் மழை பெய்து எங்கள் வயிற்றில் பாலை வார்த்தது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.